பிள்ளைகளின் நலவாழ்வு: பெற்றோர் கூட்டங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு மேல்நிலைப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது கூப்பிடுகிற பள்ளிகளுக்குப் போய், பெற்றோர் கூட்டங்களில் வளரிளம் பருவத்தைப் பற்றிப் பேசுகிறேன். கூட்டத்தில் யாரும் கேள்வி கேட்பதில்லை. முடிந்து செருப்பைத் தேடும்போது ஒருவர் வந்து தயங்கி நிற்பார். பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்து வந்து இன்னொருவர் கேட்பார். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. எப்போது மருத்துவரிடம் போக வேண்டும் என்று சொல்லும் அளவுக்குப் பிள்ளைகளோடு இருந்திருக்கிறேன்.

நலவாழ்வு என்று எதைச் சொல்கிறீர்கள்? நோய் நொடி இல்லாமல் இருந்தால் போதாதா?

போதாது என்று 1948-இலேயே சொல்லிவிட்டார்கள். அந்த ஆண்டு நடைமுறைக்கு வந்த உலக சுகாதார அமைப்பின் சாசனம், உடலும் மனமும் சமூக வாழ்வும் முழுமையாக நன்றாக இருப்பதே ஆரோக்கியம், நோய் இல்லாதிருப்பது மட்டும் ஆரோக்கியம் ஆகிவிடாது என்கிறது.

வகுப்பறையில் நின்று பார்க்கிறவளுக்கு இந்த வரையறை கொஞ்சம் தூரத்தில் இருக்கிறது. நான் வேறு மாதிரி பார்த்துப் பழகினேன். இந்தப் பெண் இரவில் தூங்குகிறாளா? பசித்துச் சாப்பிடுகிறாளா? சேர்ந்து சிரிக்க ஒருத்தியாவது இருக்கிறாளா? மாலை மணி அடித்தால் வீட்டுக்குப் போகத் துடிக்கிறாளா, அல்லது ஏதாவது சாக்குச் சொல்லிப் பள்ளியிலேயே நிற்கிறாளா? நாளைக்கென்று எதையாவது வைத்திருக்கிறாளா? கடைசிக் கேள்வி பெரிய இலட்சியத்தைப் பற்றியது இல்லை. ஞாயிற்றுக்கிழமை கபடி ஆட்டமோ, அக்காவின் வளைகாப்போ, மாடியில் வைத்த ரோஜாச்செடியில் வந்திருக்கும் மொட்டோ, எதுவாக இருந்தாலும் சரி. எதிர்பார்க்க ஒன்றுமே இல்லை என்று ஒரு பிள்ளை சொன்னால் நான் அன்றைக்கே வீட்டுக்குத் தகவல் அனுப்புவேன்.

எப்போதும் சிரித்த முகமாக இருப்பதை நலவாழ்வு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பாட்டி இறந்த வீட்டில் அழுகிற பிள்ளை நலமாகத்தான் இருக்கிறது.

ரத்த அழுத்தம் மாதிரி இதை அளந்து பார்க்க முடியுமா?

ஓரளவு முடியும். உலக சுகாதார அமைப்பின் ஐந்து கேள்வி அளவுகோல் ஒன்று 1998 முதல் பல நாடுகளில் பயன்பாட்டில் இருக்கிறது. கடந்த இரண்டு வாரங்களில் எவ்வளவு நேரம் உற்சாகமாக இருந்தீர்கள், அமைதியாக இருந்தீர்கள், சுறுசுறுப்பாக இருந்தீர்கள், எழும்போது களைப்பு தீர்ந்திருந்தது, அன்றாடத்தில் மனம் ஈடுபடும் விஷயங்கள் இருந்தன என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 25. கூட்டுத்தொகை 13-க்குக் கீழே போனால் இன்னும் கவனித்துப் பார்க்க வேண்டும் என்று பொருள். அதை நோய்க்கான தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இந்தக் கேள்விகளைப் பிள்ளையிடம் நீட்டுவதற்கு முன் நீங்கள் உங்களுக்கே போட்டுப் பாருங்கள். பல அம்மாக்கள் கணக்குப் பார்த்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

எங்கள் காலத்தில் இதெல்லாம் இல்லையே. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மனவலிமை குறைந்துவிட்டதா?

இருந்தது. அதற்கு நாம் வேறு பெயர் வைத்திருந்தோம். பேய் பிடித்தது என்றோம், பயந்த கோளாறு என்றோம், அடங்காப்பிடாரி என்றோம். பரம்பரை என்று சொல்லிக் கதவைச் சாத்தினோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களும் நம் காலத்துப் பிள்ளைகள்தான்.

பெங்களூரில் இருக்கும் மத்திய அரசின் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015–16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுக்குள் இருப்பவர்களில் ஏறக்குறைய 7 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாகக் கணக்கிட்டது. ஐம்பது பேர் இருக்கும் வகுப்பில் மூன்று நான்கு பேர். மனநலச் சிக்கல்களில் பாதி 14 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன என்பதும் பல ஆண்டுகளாகத் தெரிந்த உண்மை.

மனவலிமை என்ற சொல்லின் மேல் எனக்குக் கோபம் உண்டு. அதைச் சொன்னவுடன் பாரம் முழுவதும் பிள்ளையின் தலையில் ஏறிவிடுகிறது. சுற்றியிருக்கிற நாம் தப்பித்துவிடுகிறோம். தூக்கம் இல்லை, ரத்தம் இல்லை, விளையாட இடம் இல்லை, வீட்டில் சண்டை, வகுப்பில் அவமானம். இவ்வளவையும் வைத்துக்கொண்டு தன்னம்பிக்கைப் பேச்சாளரைக் கூப்பிட்டு இரண்டு மணி நேரம் கைதட்ட வைக்கிறோம். பிள்ளையின் உள்ளே என்ன குறை என்று தேடுவதற்கு முன், அவனை எது அழுத்துகிறது என்று பாருங்கள். கீழே வரும் எல்லாப் பதில்களும் இந்த ஒன்றைத்தான் சுற்றி வருகின்றன.

மகள் எப்போது பார்த்தாலும் சோர்ந்து படுக்கிறாள். படிப்பில் கவனம் இல்லை. மனச்சோர்வா, சோம்பேறித்தனமா?

முதலில் ரத்தம் பரிசோதித்துப் பாருங்கள்.

சொல்லும்போதே எனக்கு ஒரு பெண்ணின் முகம் நினைவுக்கு வருகிறது. பதினொன்றாம் வகுப்பு, மூன்றாவது பெஞ்ச். இரண்டாவது பீரியடிலேயே தலை கவிழ்ந்துவிடும். நான் அவளை வகுப்பு முழுவதும் கேட்கும்படி சோம்பேறி என்றேன், ஒரு முறை இல்லை, பல முறை. அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு பரிசோதித்தபோது அவளுக்கு ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே இருந்தது. ரத்த சிவப்பணுக்கள் பற்றிப் பாடம் நடத்துகிறவள் நான். என் எதிரிலேயே வெளுத்த முகத்தோடு உட்கார்ந்திருந்தவளை நான் கண்டுபிடிக்கவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்தாள். எனக்குத்தான் இன்றுவரை ஆறவில்லை.

2019–21-இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. பதின்ம வயதுப் பெண்கள் இதற்கு விலக்கு இல்லை. வளரும் உடம்புக்கு இரும்புச்சத்து அதிகம் வேண்டியிருக்கும் அதே வயதில் மாதவிடாயும் தொடங்குகிறது. கீழ் இமையை இழுத்துப் பாருங்கள், உட்புறம் வெளுத்திருக்கிறதா? மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? பச்சரிசியையோ சாக்பீஸையோ ஒளித்து வைத்துத் தின்கிறாளா? அது கெட்ட பழக்கம் என்று அடிப்பார்கள். பல நேரம் அது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். 12 வயதுக்கு மேற்பட்ட பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகைதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தப் பரிசோதனைக்குக் காசு இல்லை.

பள்ளியில் வாரம் ஒரு முறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பாதிப் பிள்ளைகள் ஜன்னல் வழியே எறிந்துவிடுவார்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும் என்பது அவர்கள் அனுபவம். சாப்பிட்டபின் போடச் சொல்லுங்கள். பூச்சி மாத்திரையையும் தவறவிட வேண்டாம். முருங்கைக்கீரையும் கம்பும் நல்லவை. கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருந்தால் இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சேராது.

ரத்தம் சரியாக இருந்து, தூக்கமும் சரியாக இருந்து, அப்படியும் சோர்வு தொடர்ந்தால் அடுத்த கேள்வி மனச்சோர்வு. பெரியவர்களைப் போலப் பிள்ளைகள் எப்போதும் அழுதுகொண்டிருக்க மாட்டார்கள். எரிந்து விழுவார்கள். தட்டைத் தள்ளிவிடுவார்கள். தலைவலி, வயிற்றுவலி என்பார்கள், ஸ்கேனில் ஒன்றும் இருக்காது. பிடித்த விஷயம் பிடிக்காமல் போகும். நண்பர்கள் வந்தால் இல்லை என்று சொல்லச் சொல்வார்கள். இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காத்திருக்க வேண்டாம்.

பிளஸ் டூ படிக்கிறான். இரவு இரண்டு மணி வரை கண் விழித்துப் படிக்கிறான். நல்லதுதானே?

இல்லை. பதின்ம வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். பகலில் படித்தது நினைவில் பதிவதே தூக்கத்தில்தான். இரண்டு மணிக்குப் படுத்து, ஐந்தரைக்கு எழுந்து டியூஷன் போகிறவன் ஓட்டை வாளியில் தண்ணீர் இறைக்கிறான்.

இன்னொன்றும் உண்டு. இந்த வயதில் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்ற சுரப்பு உடம்பில் தாமதமாகத்தான் ஏறுகிறது. பத்து மணிக்குப் படு என்றால் அவனுக்குத் தூக்கம் வராது, காலையில் எழுப்பினால் எழ முடியாது. அது திமிர் இல்லை, உடம்பின் கடிகாரம். அதிகாலை ஐந்தரை மணி வகுப்புகளை நடத்துகிறவர்களிடம் பெற்றோர்கள் சேர்ந்துபோய்ப் பேசுங்கள். ஒருவர் போனால் கேட்க மாட்டார்கள், முப்பது பேர் போனால் கேட்பார்கள்.

விளையாடப் போனால் படிப்புக் கெடும் என்கிறார்களே?

5 முதல் 17 வயது வரை தினமும் ஒரு மணி நேரமாவது உடம்பு வேர்க்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. 2019-இல் அது வெளியிட்ட ஆய்வில், உலகின் பதின்ம வயதினரில் 81 சதவீதம் பேர் அந்த அளவைத் தொடவில்லை. பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். நம் ஊரில் பெண் வயதுக்கு வந்த அன்றே சைக்கிளும் ஸ்கிப்பிங் கயிறும் பரணுக்குப் போய்விடுகின்றன. பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் வாங்கிய ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. அந்தக் கடனை யாரும் திருப்பிக் கொடுத்ததில்லை.

செல்போனைப் பிடுங்கி வைத்துவிடலாமா?

பிடுங்கினால் பக்கத்து வீட்டுப் பையனின் போனில் பார்ப்பான். நீங்கள் பார்க்காத இடத்தில் பார்ப்பான், அவ்வளவுதான் வித்தியாசம்.

போன் எதைத் தின்கிறது என்று கவனியுங்கள். தூக்கத்தைத் தின்றால், இரவு பத்து மணிக்கு வீட்டில் எல்லாருடைய போனும், அப்பாவின் போனும் சேர்த்து, கூடத்தில் ஒரே இடத்தில் சார்ஜில் இருக்கட்டும். அப்பாவின் போன் இல்லாவிட்டால் இந்த ஏற்பாடு நான்கு நாள்கூட நிற்காது. பெண் பிள்ளை தன் முகத்தையும் நிறத்தையும் பற்றித் திடீரெனக் கவலைப்பட ஆரம்பித்தால், அவள் யாருடைய படங்களைப் பார்க்கிறாள் என்று கூட உட்கார்ந்து பாருங்கள். ஒரு படத்தை வைத்து யாராவது மிரட்டுகிறார்கள் என்றால் முதலில் சொல்ல வேண்டிய வார்த்தை "உன் மேல் தப்பில்லை" என்பதுதான். அது கிடைக்காது என்று தெரிந்த பிள்ளை வீட்டில் வாயைத் திறக்காது. அதன் பிறகு 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுங்கள்.

பணம் வைத்து ஆடும் விளையாட்டுகள் தனிக் கதை. தமிழ்நாடு 2022-இல் அவற்றுக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நாடு முழுவதுக்கும் தடைச் சட்டம் இயற்றியது. சட்டம் வந்துவிட்டதால் எல்லாம் மறைந்துவிடவில்லை. வீட்டில் சின்னச் சின்னத் தொகைகள் காணாமல் போனாலோ, பையன் கடன் வாங்குவதாகக் காதில் விழுந்தாலோ, திருடன் என்று கத்துவதற்கு முன் எவ்வளவு கடன் என்று கேளுங்கள். கடன் தொகையைவிட, அதை வெளியில் சொல்ல முடியாத நிலைதான் பிள்ளையைக் கொல்லும்.

தேர்வு பயம்தான் எல்லாவற்றுக்கும் காரணமா?

செய்தித்தாள்கள் அப்படித்தான் எழுதுகின்றன. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கையில் நாடு முழுவதும் 1,70,924 தற்கொலை மரணங்கள் பதிவாயின. அவர்களில் 13,044 பேர் மாணவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் எல்லா வயதினரும் சேர்த்து 19,834 பேர், மாநிலங்களில் இரண்டாம் இடம். இந்த இடத்துக்கு நாம் வெட்கப்பட வேண்டும். எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால், குடும்பப் பிரச்சினை என்று குறிக்கப்பட்டவை மட்டும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. எந்த மரணத்துக்கும் ஒற்றைக் காரணம் கிடையாது. ஏற்கெனவே பல பக்கமும் நெருக்கப்பட்ட பிள்ளைக்கு மார்க் கடைசித் தள்ளாக அமைகிறது.

தேர்வின் பங்கைக் குறைத்துச் சொல்லவும் நான் தயாராக இல்லை. 2017–18 முதல் பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று ஆண்டுகளில் மூன்று பொதுத் தேர்வுகளைப் பிள்ளைகள் எழுதினார்கள். 2025–26 கல்வியாண்டில்தான் பிளஸ் ஒன் பொதுத் தேர்வு கைவிடப்பட்டது. மருத்துவக் கனவு இருந்தால் நீட் வேறு. மாநில முதலிடம் யாருக்கு என்று அறிவிப்பதை அரசு 2017-இலேயே நிறுத்திவிட்டது. பள்ளிச் சுவர்களில் மார்க்கோடு முகம் போட்ட ஃபிளெக்ஸ் பலகைகள் இன்னும் நிற்கவில்லை. அந்தப் பலகையில் இடம் கிடைக்காத பிள்ளை தினமும் அதைக் கடந்துதான் வீட்டுக்குப் போகிறது.

ரிசல்ட் வரும் நாளில் ஒரு காரியம் செய்யுங்கள். வேலைக்கு விடுப்புப் போடுங்கள். பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். மார்க்கைக் கேட்டுச் சொந்தக்காரர்கள் போன் செய்வார்கள், அன்றைக்கு எடுக்க வேண்டாம். ஒரு பாடம் போய்விட்டாலும் அதே ஆண்டிலேயே துணைத் தேர்வு எழுதித் தேறி, அந்த ஆண்டே கல்லூரியில் சேர வழி இருக்கிறது. இதை ரிசல்ட் வந்தபின் சொன்னால் ஆறுதலாகத்தான் கேட்கும். மார்ச் மாதத்திலேயே சொல்லி வையுங்கள், தகவலாகப் பதியும்.

கண்டிக்காமல் எப்படி வளர்ப்பது? நாங்கள் அடி வாங்கித்தானே படித்தோம்?

கண்டிப்பு வேறு, அவமானப்படுத்துவது வேறு. "பத்து மணிக்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும்" என்பது கண்டிப்பு. "உன்னைப் பெற்றதுக்கு ஒரு தென்னம்பிள்ளையை வைத்திருக்கலாம்" என்பது அவமானம். பள்ளியில் உடலை வருத்துவதும் மனத்தை வதைப்பதும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவின்படி தடை செய்யப்பட்டவை. வீட்டுக்கு அந்தச் சட்டம் இல்லை, ஆனால் பிள்ளை ஒன்றுதான்.

அவமானம் எல்லாருக்கும் ஒரே அளவாகப் பங்கிடப்படுவதில்லை. சாதி பார்த்து உட்கார வைப்பதும், கையில் கட்டியிருக்கும் வண்ணக் கயிறு பார்த்துப் பேசுவதும், உதவித்தொகைப் பெயர்களை வகுப்பில் உரக்க வாசிப்பதும் இன்றும் நடக்கின்றன. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்களும் மாணவர்களே. அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் சாதி அடையாளக் கயிறுகளைப் பள்ளியில் தடை செய்ய வேண்டும் என்றும், அரசுப் பள்ளிகளின் பெயரில் இருக்கும் சாதிப் பின்னொட்டுகளை நீக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. இதற்கும் நலவாழ்வுக்கும் என்ன தொடர்பு என்று ஒரு கூட்டம் முடிந்தபின் ஒருவர் கேட்டார். பள்ளிக்கூட வாசலில் நுழையும்போதே நெஞ்சு படபடக்கிற பிள்ளைக்கு யோகா வகுப்பு நடத்தி என்ன பயன்?

வீட்டில் தினமும் குடி, சண்டை. என்னால் அதை நிறுத்த முடியவில்லை. பிள்ளைகளை எப்படிக் காப்பாற்றுவது?

இந்தக் கேள்வியை எப்போதும் பெண்கள்தான் கேட்கிறார்கள், எப்போதும் தாழ்ந்த குரலில். அம்மா, முழுதும் சரிசெய்ய முடியாவிட்டாலும் பிள்ளைக்குப் பாதுகாப்பான ஓர் இடத்தை உங்களால் வைத்துக் கொடுக்க முடியும். சண்டை தொடங்கினால் போய் உட்கார ஒரு வீடு, அத்தை வீடோ, எதிர் வீட்டு ஆயா வீடோ. சண்டைக்குக் காரணம் நீ இல்லை என்று பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர்கள் தாங்கள்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் மேல் கை ஓங்கினால் பெண்கள் உதவி எண் 181, பிள்ளைகள் மேல் ஓங்கினால் குழந்தைகள் உதவி எண் 1098. இரண்டும் இலவசம்.

"செத்துப் போகிறேன்" என்கிறான். வெறும் மிரட்டலாக இருக்குமோ?

மிரட்டல் என்று எடுத்துக்கொண்டு தவறாகப் போனால் திருத்திக்கொள்ள வழியில்லை. உண்மை என்று எடுத்துக்கொண்டு தவறாகப் போனால் ஒரு மாலை நேரம்தான் வீண். அதனால் ஒவ்வொரு முறையும் உண்மை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லாமலும் சிலர் காட்டுவார்கள். பிரியமான பொருள்களை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவது, எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்பது, நெடுநாள் கலக்கத்துக்குப் பிறகு திடீரென்று அமைதியாகிவிடுவது.

நேராகக் கேளுங்கள்: "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தூக்கிச் சுமந்த ஒன்றை இறக்கி வைக்க இடம் கிடைத்த மாதிரிதான் பிள்ளைகள் பேசத் தொடங்குவார்கள். பேசும்போது குறுக்கே புத்திமதி சொல்ல வேண்டாம், கடவுளை இழுக்க வேண்டாம், "எங்களை நினைத்துப் பார்த்தாயா" என்று கேட்க வேண்டாம். அன்றிரவு தனியாக விட வேண்டாம். அந்த எண்ணம் உண்டு என்று சொன்னால், வீட்டில் இருக்கிற ஆபத்தான பொருள்களை உடனே அப்புறப்படுத்துங்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த உந்துதல் பெரும்பாலும் சிறிது நேரமே உச்சத்தில் நிற்கும். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் பிழைத்துக்கொள்கிறார்கள். பிறகு பெரும்பாலோர் வாழத்தான் விரும்புகிறார்கள். 1990-களின் நடுவில் உலகிலேயே மிக அதிகத் தற்கொலை விகிதம் கொண்ட நாடுகளில் ஒன்றாக இலங்கை இருந்தது. கடும் நச்சுள்ள பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். இருபது ஆண்டுகளில் அந்த விகிதம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்தது. அங்கே யாருடைய மனவலிமையும் அதற்குள் மாறிவிடவில்லை. கைக்கு எட்டியது எட்டாமல் போயிற்று.

அவசர நிலை என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் 14416. மத்திய அரசின் டெலி மானஸ் எண் அது, 2022 அக்டோபர் முதல் 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழில் பேசுவார்கள். தமிழ்நாடு அரசின் 104-இலும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் தொடங்கிய சினேகா தொண்டு நிறுவனத்தின் எண் 044-24640050.

முயன்று பிழைத்துவிட்டால் போலீஸ் கேஸ் ஆகுமே?

இந்தப் பயத்தால்தான் பலர் மருத்துவமனைக்கே கொண்டுபோவதில்லை, நேரத்தைக் கடத்துகிறார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 115-ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, சிகிச்சையும் பராமரிப்பும் தருவது அரசின் கடமை என்கிறது. முயற்சியையே குற்றமாக்கிய பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவும் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் இல்லை. மருத்துவமனையில் விவரம் பதிவு செய்வார்கள். அதற்குப் பயந்து ஒரு நிமிடம்கூடத் தாமதிக்க வேண்டாம்.

மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனால் ஊர் என்ன சொல்லும்? நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டாமா?

ஊர் எதையாவது சொல்லத்தான் செய்யும். சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருப்பது நோயாளியின் உரிமை என்று நான் மேலே சொன்ன அதே சட்டம் சொல்கிறது. மருத்துவர் யாரிடமும் சொல்ல மாட்டார். நீங்களும் சொல்ல வேண்டியதில்லை.

கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப் பெயரையே வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். 1794-இல் தொடங்கிய வரலாறு கொண்ட அரசு மனநல மருத்துவமனை சென்னையில் அங்கேதான் இருக்கிறது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் டாக்டர் சாரதா மேனன் அதற்கு ஏறக்குறைய பதினேழு ஆண்டுகள் தலைமை தாங்கினார். 1984-இல் மனச்சிதைவு நோயாளிகளுக்காக ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கி, நோயுற்றவர்கள் வீட்டிலும் வேலையிலும் வாழ முடியும் என்று காட்டினார். இப்போது கீழ்ப்பாக்கம் வரை போக வேண்டியதும் இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு.

மாத்திரை என்றதும் "பழகிவிடும்" என்கிறார்கள். மனச்சோர்வுக்குத் தரும் மருந்துகள் போதைப் பொருள் போல அடிமையாக்குவதில்லை. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், அதற்குள் நிறுத்திவிடுவதுதான் பொதுவாக நடக்கும் தவறு. சரியானதும் நீங்களாக நிறுத்துவதும் தவறு, மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். இளம் வயதினர் மருந்தைத் தொடங்கும் முதல் வாரங்களில் கூடவே இருந்து கவனிக்க வேண்டும், மாற்றம் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எல்லாப் பிள்ளைக்கும் மாத்திரை தேவைப்படுவதும் இல்லை. பலருக்குப் பேச்சு வழிச் சிகிச்சையே போதும்.

அன்றாடம் கூலிக்குப் போகிற வீட்டில் நலவாழ்வு பற்றிப் பேசுவது வசதியானவர்களின் கவலை இல்லையா?

கேட்டவர் ஒரு சித்தாள். கேள்வியில் கசப்பு இருந்தது, நியாயமும் இருந்தது.

என் பதில் நேர் எதிரானது. இல்லாத வீட்டில்தான் இது முதல் கவலையாக இருக்க வேண்டும், ஏனென்றால் அங்கே தாங்கிப் பிடிக்க வேறு ஒன்றும் இல்லை. அதற்கான வழி அந்த வீட்டுக்குள் மட்டும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். 2022 செப்டம்பரில் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு தொடங்கியது. பசியோடு வந்து வயிற்றுவலி என்று படுத்துக்கொள்ளும் பிள்ளைகளை நான் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். ஒரு தட்டு உப்புமா எந்த ஆலோசகரும் செய்ய முடியாததைச் செய்யும். அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும், பெண்களுக்குக் கட்டணமில்லாத பஸ்ஸும் என் கணக்கில் மனநலத் திட்டங்கள்தான். பஸ்ஸுக்குக் காசு கேட்க வேண்டியதில்லை என்றான பிறகு எத்தனை பெண்களின் கல்யாணப் பேச்சு தள்ளிப்போயிற்று என்று எனக்குத் தெரியும். 18 வயதுக்குள் கல்யாண ஏற்பாடு நடந்தால் அதற்கும் 1098-தான்.

இதைப் பெற்றோர் கேட்கவில்லை, நான்தான் கேட்கிறேன். எனக்கு எதுவும் பிடிக்கவில்லை. வீட்டில் எப்படிச் சொல்வது?

ஒரு பள்ளியில் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது, நான்காக மடித்த ஒரு நோட்டுத் தாளை என் கையில் வைத்துவிட்டு ஒரு பெண் ஓடிவிட்டாள். அதில் இருந்த கேள்வி இது. பதிலை அவளுக்கே எழுதுகிறேன்.

கண்ணு, எல்லாவற்றையும் விளக்கிச் சொல்ல வேண்டும் என்று நினைக்காதே. காரணம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அம்மா அடுப்படியில் இருக்கும்போது, முகம் பார்க்காமல் பேச முடிகிற நேரமாகப் பார்த்து, இப்படிச் சொல்: "எனக்குக் கொஞ்ச நாளாகச் சரியில்லை. திட்டாமல் கேட்கணும். என்னை டாக்டரிடம் கூட்டிப்போ." அம்மா முதலில் "உனக்கென்ன குறை" என்று கேட்கலாம். அது பயத்தில் வருகிற வார்த்தை. மறுநாள் இன்னொரு முறை சொல். அம்மாவிடம் முடியாவிட்டால் சித்தியிடமோ, உன் வகுப்பு ஆசிரியையிடமோ, அதுவும் முடியாவிட்டால் 14416-இலோ சொல். வாயால் வரவில்லை என்றால், எனக்கு எழுதிக் கொடுத்தாயே, அதே மாதிரி ஒரு தாளில் எழுதி அம்மாவின் தலையணைக்கு அடியில் வை.